சக்கரபாணி கட்டளை

திருவண்ணாமலை,
ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அருணாவுக்கு,

காமேஸ்வரி எழுதுகிறேன். நலம் விசாரித்துவிட்டுத்தான் சண்டைக்கு வர வேண்டும் என்பது மரியாதை. இந்தத் தடவை சண்டை முதலில், நலம் பிறகு.

போன மாதம் நம் பழைய மாணவிகள் வாட்ஸப் குழுவில் பள்ளிக்கு நன்கொடை கேட்டு ஒரு வேண்டுகோள் போட்டேன். பத்தே நிமிடத்தில் மெல்போர்னிலிருந்து உன் பதில் வந்தது. "கோடிக்கணக்குல டெபாசிட் வச்சிருக்கற ஸ்கூலுக்கு உண்டியல் எதுக்கு? ஹெட்மிஸ்ட்ரஸ் விளக்கம் குடுப்பாங்களா?" பக்கத்திலேயே சிரிக்கிற மூஞ்சி மூன்று. அதோடு குழுவில் நூற்றுப் பதினான்கு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். தினமும் காலை வணக்கம் சொல்லிப் பூ அனுப்புகிறவள்கூட நிறுத்திவிட்டாள். ஒரு ரூபாய் வரவில்லை.

பணம் வராதது இருக்கட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் என்னை 'ஹெட்மிஸ்ட்ரஸ்' என்று கூப்பிட்டாயே, அதுதான் எனக்கு உறைத்தது. நாலைந்து முறை பதில் அடித்து அழித்தேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் காகிதம். இந்த உறைக்குள் ஒட்டிய இன்னொரு சின்ன உறை இருக்கிறது. அதை இப்போது பிரிக்காதே. இதைப் படித்து முடி.

நீ கேட்டது பொய்க் கேள்வி இல்லை. பள்ளியின் பேரில் ஆறு கோடி ரூபாய்க்கு மேல் வங்கியில் இருக்கிறது. நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அத்தனையும் கட்டளை.

நீ ஊரை விட்டுப் போய் முப்பது வருடம் ஆகிறது, அதனால் சொல்கிறேன். என் அப்பா கோயிலில் பூசை செய்த காலத்தில் வீட்டில் அடிக்கடி கேட்ட வார்த்தை அது. உச்சிகால நைவேத்தியத்துக்கு என்று ஒருவர் நிலம் எழுதி வைத்தால், அந்த வரும்படி உச்சிகாலத்துக்கு மட்டும்தான். சாயரட்சைக்கு நெய் கம்மி என்றாலும் அதிலிருந்து ஒரு கரண்டி எடுக்க மாட்டார்கள். கோயிலுக்கு அது பொருந்தும். ஒவ்வொரு வேளைக்கும் தலைமுறை தலைமுறையாக யாராவது எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பள்ளியைத் தொடங்கிய ரைஸ்மில் பெரியவரும் இந்த ஊர்க்காரர்தானே! பள்ளிக்கூடத்தையும் அதே மாதிரி கட்டளை போட்டு நடத்தும்படி பத்திரம் எழுதிவிட்டுப் போனார். அசலைத் தொடக் கூடாது, வட்டியை எழுதின காரியத்துக்கு மட்டும் செலவு செய்ய வேண்டும். வேறு எந்த ஊரிலும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இப்படி யோசித்திருக்க மாட்டார்கள்.

அதனால் என்னிடம் என்னவெல்லாம் இருக்கிறது கேள். விஜயதசமி சர்க்கரைப் பொங்கலுக்குக் கட்டளை இருக்கிறது, முந்திரி எத்தனை கிலோ என்பது வரை எழுதியிருக்கிறது. நீரூற்றுக்கு ஒன்று. பாட்டு ஒப்பிக்கிற பெண்ணுக்குத் தங்கக் காசு ஒன்று. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் தியான அறை கட்டிக் கொடுத்தாளே, அதற்கு ஆண்டுதோறும் புதுத் திரைச்சீலை வாங்கியாக வேண்டும். ஸ்டோர் ரூமில் பதினோரு ஜோடித் திரைச்சீலை மடித்து வைத்திருக்கிறது. எட்டாம் வகுப்பில் மழை ஒழுகுகிறது. அதற்கு யாரும் எழுதி வைக்கவில்லை. கக்கூஸ் கழுவுகிறவருக்கு, லேப் கண்ணாடிக்கு, டீச்சர்கள் சம்பளத்துக்கு, வேன் டீசலுக்கு யார் கட்டளை போடுவார்கள்? ஃபீஸை அரசுக் கமிட்டி நிர்ணயிக்கிறது. கிராமத்துப் பெண்களிடம் நாம் அதையும் வாங்குவதில்லை. ஒவ்வொரு வருடமும் துண்டு விழுகிறது. ஊரே நம்மைப் பணக்காரப் பள்ளி என்கிறது, நான் சாக்பீஸ் பெட்டியை எண்ணிக் கொடுக்கிறேன். சிரிப்பாக இருக்கிறதா? நீ சிரித்துத் தொலை, எனக்கு வரவில்லை.

இப்போது வந்திருக்கும் வினை வேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றி வந்த மஞ்சள் வேன் உனக்குத் தெரியும். அதன் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. மே மாதம் தகுதிச் சான்று தர மாட்டோம் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் தந்திருக்க மாட்டேன். புது வேன் வாங்கப் பணமில்லை. டிரைவர் அர்ஜுனன் சாவியைக் கொடுக்க வந்த அன்றைக்கு வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து நிறுத்திவிட்டுத்தான் வந்தான். "இனிமே ஓடாதுன்னு தெரியுது மிஸ், அதுக்குன்னு அழுக்கோட வுட்டுட்டு வர முடியலை"ன்னான். இப்போது அவன் கிரிவலம் வருகிறவர்களுக்கு டாக்ஸி ஓட்டுகிறான்.

ஜூன் மாதம் அந்த வேன் வழியில் எண்பத்திரண்டு பெண்கள் படித்தார்கள். இன்றைக்கு நாற்பத்து நான்கு. முப்பத்தெட்டு டி.சி.யில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் அருணா. காலைப் பஸ் ஒன்று ஆறேகாலுக்கு, தொங்கிக்கொண்டு வர வேண்டும். அடுத்தது பள்ளி தொடங்கிய பிறகுதான் ஊருக்குள் வருகிறது. வளவன் என்று ஒரு விவசாயி, மகள் மதிவதனி பிளஸ் டூ, கணக்கில் கெட்டிக்காரி. அவர் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்று, "அரசுப் பள்ளியில எடம் முடிஞ்சிடுச்சுங்க, இங்க அனுப்பவும் வழி இல்லை. டி.சி. குடுத்துடுங்க டீச்சர், வூட்லயே இருக்கட்டும்"னு சொன்னார். வீட்டிலேயே இருந்து என்ன செய்வாள் என்று கேட்டேன். துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார். ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஜூன் முழுக்க அந்த ஒரு வாரத்தை நீட்டிக்கொண்டே இருந்தேன். அடுத்த மே மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். அதற்குள் இந்த வேன் ஓடவில்லை என்றால் அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒருத்தியும் நம் பள்ளியில் மிஞ்ச மாட்டாள்.

நன்கொடை கேட்டுக் கடை கடையாக ஏறினேன். எல்லோரும் காபி கொடுத்தார்கள். உன் கேள்வியைத்தான் வேறு வேறு மாதிரி கேட்டார்கள். தேரடித் தெருவில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் தருகிறேன் என்றார், பேரை எங்கே போடுவீர்கள் என்று கேட்டார். வேனில் என்றேன். "வேன் பத்து வருசத்துல காயலான் கடைக்குப் போயிடும்மா. கல்லு நிக்கும். வாசல்ல ரெண்டாவது வளைவு ஒண்ணு கட்றதுன்னா சொல்லுங்க"ன்னார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. அது நான் பேசிய பேச்சு.

ஆமாம் அருணா, இங்கேதான் நான் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. சொல்லாதது என்ன, உனக்கே தெரிந்ததுதான். பதினோரு வருடத்துக்கு முன்னால், உன் அப்பா தவறிய அடுத்த மாதம், நீ ஐம்பது லட்சம் அனுப்பினாய். கூடவே ஒரு மெயில். "எதுக்கு வேணும்னாலும் செலவு பண்ணு காமு. வேன் டீசலா இருந்தாலும் சரி, எனக்கு ஒண்ணும் கேக்க வேணாம்." அந்த மெயிலை அச்செடுத்து இன்னும் வைத்திருக்கிறேன். அப்போது செங்கம் ரோட்டில் கண்ணாடி வைத்த பெரிய பள்ளி ஒன்று வந்திருந்தது. நம்மிடமிருந்து பிள்ளைகள் அங்கே போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நம் பள்ளிக்கும் பார்த்ததும் வாய் பிளக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று தோன்றிவிட்டது. உனக்கு அரை மணி நேரம் போனில் பேசினேன். பேர் நிற்கணும் அருணா, அப்பா பேர் கல்லில் நிற்கணும் என்றேன். நீ அழுதாய், சரி என்றாய். பாதிப் பணத்தில் சக்கரபாணி அரங்கமும் வாசலில் வளைவும் எழுந்தன. மீதிப் பாதியை அரங்கப் பராமரிப்புக் கட்டளை என்று பூட்டி வைத்தேன். வாசகம் முழுக்க என்னுடையது. 'என்றென்றைக்கும்' என்ற வார்த்தையை நான்தான் சேர்த்தேன். வருடத்தில் ஆறு நாள் அரங்கம் திறக்கிறோம். வட்டி சும்மா ஏறிக்கொண்டிருக்கிறது.

வயிறு எரிந்து செய்த காரியத்துக்கு நான் பக்தி, நினைவு என்றெல்லாம் பேர் வைத்தேன். அதை என் கையால் எழுதப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது.

திறப்பு விழா நாளையும் சொல்லாமல் விடக் கூடாது. முதல் வரிசையில் அதிகாரிகள், இரண்டாம் வரிசையில் டிரஸ்ட் குடும்பங்கள். உன் அம்மாவை, தங்கம்மா அம்மாவை, மூன்றாம் வரிசையில் ஓரமாக உட்கார வைத்தேன். புருஷன் பேரில் கட்டிய அரங்கத்தில்! நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, விமானம் ஏறிப் போய்விட்டாய். அதன் பிறகு உன் போன் சுருங்கிப்போயிற்று. அம்மாவும் அதுவரை என்னைக் காமு என்று கூப்பிட்டவர்கள், அன்று மாலையிலிருந்து டீச்சரம்மா என்று கூப்பிடுகிறார்கள். வரிசை போட்டது ஆபீஸ் பையன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இல்லை, போட்டது நான்தான்.

இப்போது நீ திடமாக உட்கார்ந்துகொள். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்ததைச் சொல்லப் போகிறேன்.

நம் பள்ளியில் தாமதமாக வருகிறவர்கள் பிரார்த்தனை முடியும்வரை வளைவுக்கு வெளியே வரிசையாக நிற்க வேண்டும். நாம் படித்தபோது வளைவு இல்லை, சட்டம் இதேதான், நீ அடிக்கடி நின்றிருக்கிறாய். ஜூலை முதல் வாரத்திலிருந்து ஏழு பெண்கள் தினமும் நிற்கிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். மதிவதனியும் அதில் ஒருத்தி. டி.சி. வேண்டாம் என்று வளவன் விட்டுவிட்டார் போலிருக்கிறது, அந்த மட்டும் சந்தோஷம் என்று நினைத்தேன். இருந்தாலும் தினமும் லேட் என்றால் விடுவேனா? ஒரு நாள் பிரம்பில்லாத குறையாக விறுவிறுவென்று வெளியே போனேன். ஏழு பேர் வரிசையாகத் தலை குனிந்து நிற்கிறார்கள். எட்டாவதாகத் தங்கம்மா அம்மா நிற்கிறார்கள். கையில் மஞ்சள் பை.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என்னம்மா இங்கே, உள்ளே வாங்க என்றேன். "நானும் லேட்டுதான டீச்சரம்மா. சட்டம்னா எல்லாருக்கும்தான்"ன்னாங்க. சிரிக்கவே இல்லை. அந்த வரிசையில் நின்று பிரார்த்தனை முடிகிறவரை நகரவும் இல்லை. நானும் கூட நின்றேன், வேறு என்ன செய்ய.

பிறகு மதிவதனி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. வல்லரசு என்று உங்கள் ஊர் இளவட்டம் ஒருவன் ஆட்டோ வைத்திருக்கிறான். அதில் ஏழு பெண்களை ஏற்றி அனுப்ப அம்மா ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வயசுப் பெண்களைத் தனியாக ஓர் ஆட்டோக்காரனோடு அனுப்ப அப்பாமார்கள் யாரும் சம்மதிக்கவில்லை. அதனால் அம்மாவே முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வருகிறார்கள். காலையில் விட்டுவிட்டுத் திரும்பிப் போவது, மாலையில் மறுபடி வந்து கூட்டிப்போவது. ஒரு நாளைக்கு நான்கு தடவை. எழுபத்தெட்டு வயதில்! வழியில் முட்டி பிடித்துக்கொண்டால் இறங்கிக் காலை நீட்டி நடப்பார்களாம். தினமும் லேட்டானது அதனால்தான். பெண்கள் அடி வாங்கினாலும் சொல்ல மாட்டோம் என்று பேசி வைத்திருக்கிறார்கள்.

ஆட்டோ வாடகை யார் தருகிறார்கள் என்று கேட்காதே. மணியம்மாள் நாள் முழுக்க வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்வதற்கு நீ மாதாமாதம் அனுப்புகிறாயே, அதுதான். மணியம்மாளை இப்போது காலையில் ஒரு வேளை மட்டும் வரச் சொல்லிவிட்டார்கள். "எனக்கின்னா கை இல்லையா காலு இல்லையா, இன்னொருத்தி எதுக்கு?"ன்னாங்க. ஆக, வேன் டீசலுக்குச் செலவு பண்ணு என்று நீ அன்றைக்கு அனுப்பியதை நான் தடுத்து நிறுத்தினேன். உன் அம்மா என்னைச் சுற்றிக்கொண்டு போய் அதைச் செய்து முடித்துவிட்டார்கள்.

ஒரு மாதமாக வளைவுக்கு வெளியேதான் இறங்குகிறார்கள். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிங்கள் என்று தினமும் கூப்பிடுகிறேன். "பரவால்லைங்க டீச்சரம்மா"ங்கறாங்க. திறப்பு விழாவுக்குப் பிறகு அந்த வளைவுக்குள் அவர்கள் கால் வைத்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. வாசலில் தண்ணீர் தேங்கி நின்றது. ஆட்டோவிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்துவிட்டார்கள். பயப்படாதே, தலையில் படவில்லை. வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் விட்டு வந்தேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அண்ணாமலையார் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். வியாழக்கிழமை பார்த்தால் கட்டுப் போட்ட கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்குகிறார்கள். நான் கத்தினேன் அருணா, நடுரோட்டில் கத்தினேன். "நான் உக்காரலைன்னா புள்ளைங்களை அனுப்ப மாட்டாங்க, நீங்க வேணும்னா உக்காருங்க"ன்னாங்க. வீடியோ காலில் ஏம்மா இடது கையில் போனைப் பிடிக்கிறாய் என்று நீ கேட்டாயாம். வலது கையில் மாவு பிசைந்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னார்களாம். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பதினோரு வருடத்தில் முதல் சிரிப்பு.

இப்போது அந்தச் சின்ன உறையைப் பிரி. நம் வக்கீல் ஸ்கந்தன் தயாரித்த ஒரு பக்கக் கடிதம். கட்டளைப் பத்திரத்தில், எழுதி வைத்தவர் உயிரோடு இருக்கும்வரை தன் கையெழுத்தால் காரியத்தை மாற்றலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை அடித்துவிடுங்கள், என்றென்றைக்கும் என்றால் என்றென்றைக்கும்தான் என்று நான் அன்றைக்கு மல்லுக்கு நின்றேன். அவர் கேட்கவில்லை. அவருக்குக் கோடி நமஸ்காரம். மற்றவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கட்டளை போட்டவர்களில் உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான். நீ கையெழுத்துப் போட்டால் அரங்கத்துப் பணம் வேனுக்கு வரும். வண்டி வாங்க அது போதும். டிரைவர் சம்பளத்துக்கும் டீசலுக்கும் போதாது. அதனால் உண்டியல் தொடரும், சிரிக்கிற மூஞ்சியைத் தயாராக வைத்துக்கொள்.

அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், கை விஷயத்தை அல்ல, பண விஷயத்தை. "அவ குடுத்தது, அவதான் சொல்லணும். ஆனா அவரு மேடை ஏறின ஆளு இல்லைங்க, வண்டி ஏறின ஆளு"ன்னாங்க. உண்மைதானே. மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றிவந்த மட்டடோர் வண்டியில் உங்கள் ஊர்ப் பெண்கள் ஏழு பேரை மூட்டை மேல் உட்கார வைத்து, பள்ளி வாசலில் இறக்கிவிட்டுத்தானே உன் அப்பா எடை போடப் போவார். தலையெல்லாம் வேர்க்கடலைத் தோலோடு நீ வகுப்புக்குள் வருவாய். நான் சிரித்திருக்கிறேன். அதற்கும் சேர்த்து இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வேன் வந்தால் முதல் நாள் அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து வளைவுக்குள் கூட்டி வருவேன். வர மாட்டேன் என்றால் அவர்களோடு வெளியே நிற்பேன். நாளைக் காலையிலிருந்து ஆட்டோவில் அவர்கள் இடத்தில் நான் உட்கார்ந்து வருவதாக வல்லரசுவிடம் சொல்லிவிட்டேன். கட்டுப் பிரிக்கிறவரை நான்தான். அதற்கு மேல் என்ன என்பது உன் கையில் இருக்கிறது.

உன் பிள்ளைகளும் அவரும் நலமாக இருக்க வேண்டும். குளிர் ஜாஸ்தி என்று அம்மா சொன்னார்கள், உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணாமலையார் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

கையெழுத்துப் போட மனசு வரவில்லை என்றால் போடாதே, நான் எப்படியாவது பார்த்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்த கையோடு அம்மாவுக்கு வீடியோ கால் போடு. மாவு பிசைகிறேன் என்று சொல்வார்கள். வலது கையைக் காட்டச் சொல்.

அன்று போலவே உன்,
காமு